பலராமன் பார்க்காத விளக்கு

பொழுது விடிந்ததும் பலராமன் வீட்டுத் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடுகிறார். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம் அது. முதலில் கூடத்து ஜன்னல், பிறகு சமையலறை, பிறகு பீரோவில் பதித்த நிலைக்கண்ணாடி, கடைசியாக டீவி. டீவிக்கென்று தனியாக ஒரு வெள்ளைத் துணி வைத்திருக்கிறார். மாலையில் வெயில் இறங்கியதும் அதே வரிசையில் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

"பகல்ல லைட்டு போட்டு சமைக்கிற ஒரே வூடு எங்க வூடுதாங்க," என்பார் அவர் மனைவி சரசு. "ராத்திரியானா எல்லாத்தையும் தொறந்துப்புடுவாரு. நாங்க இன்னா சாப்புடறோம், ரசமா மோரான்னு தெருவே சொல்லும்."

காரணம் இல்லாமல் இல்லை. பலராமன் பணிக்காலம் முழுவதையும் கலங்கரை விளக்கத்தில் கழித்தவர். விளக்கைச் சுற்றி இருக்கும் பெரிய கண்ணாடி, உள்ளே இருக்கும் சிறிய சுடரைக் கூட்டித் திரட்டிக் கடலுக்கு அனுப்புகிறது. பகலில் திரை போடாமல் விட்டால் அதே கண்ணாடி சூரியனைத் திரட்டி உள்ளே அனுப்பிவிடும். "கண்ணாடிக்கு நம்ம ஆளு, வெளி ஆளுன்னு தெரியாது சார். எந்தப் பக்கம் வெளிச்சம் வந்தாலும் வேலைய காட்டிரும். எனக்கு முன்னாடி இருந்தவரு தோள்ல கெடந்த துண்டே பத்திக்கிச்சு." அவர் வீட்டு ஜன்னலில் இருப்பது சாதாரணத் தட்டைக் கண்ணாடி, அது ஒரு தீக்குச்சியைக்கூடப் பற்றவைக்காது என்று நான் ஒரு முறை விளக்கிச் சொன்னேன். மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை என் ஸ்கூட்டரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் பழைய பனியன் துணி கட்டியிருந்தது.

கடலில் இருந்து இவ்வளவு தூரம் தள்ளி, மலைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர் கடற்கரைக்காரரும் இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பம். நிலம் அண்ணனுக்குப் போயிற்று, வேலைவாய்ப்பு அலுவலகம் தம்பியைக் கடலுக்கு அனுப்பிற்று. உத்தரவு வந்த அன்று அவர் அப்பா கேட்டாராம்: "கடலுக்கு எதுக்குடா வெளக்கு? மீனு பாத்து நடக்கறதுக்கா?"

அவரை அனுப்பிய கருங்கல்துறை என்பது கிழக்குக் கரையில் ஒரு மீனவக் குப்பம். கரையில் இருந்து பார்த்தால் அங்கே கடல் சாதுவாகத்தான் இருக்கும். உள்ளே, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே, கரும்பாறை வரிசையாகப் படுத்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் மிளகும் துணியும் ஏற்றி வந்த ஒரு கப்பல் அதன்மேல் ஏறி உடைந்தது. துணி மூட்டைகள் ஒரு வாரம் கரை ஒதுங்கினவாம். அந்த வருஷம் குப்பத்தில் எல்லாருமே நல்ல துணி கட்டினார்கள் என்பது பலராமன் சொல்லும் வரலாறு. கப்பலுக்குத் தெரியாமல் போன பாறை துரைமார்களுக்குத் தெரிந்துவிட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கோபுரம் எழும்பிற்று. பகலில் தெரிவதற்காகக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ ஒருவர் பெரிய சட்டையை உலர்த்திவிட்டு மறந்து போனது மாதிரி இருக்கும் என்று சரசு சொல்வார்.

கண்ணாடி பிரான்சில் இருந்து வந்தது. பெட்டி பெட்டியாக, துண்டு துண்டாக, வைக்கோலுக்குள். சேர்த்துக் கட்டியபோது ஓர் ஆள் உள்ளே நின்று தலைவாரிக்கொள்ளும் அளவு இருந்தது. உச்சியில் ஒரு வட்டத் தொட்டி நிறையப் பாதரசம், அதன்மேல் கண்ணாடி மிதக்கும். யானைக்குட்டி கனம் உள்ளதைச் சுண்டுவிரலால் தள்ளினால் சுற்றும். "பட்டு மாதிரி போவும் சார். சத்தமே இருக்காது. இப்ப நம்ம வூட்டு மிக்ஸி போடற சத்தத்துல பாதி வேணாம், கால்வாசி கெடையாது." மின்சாரம் வருவதற்கு முன் மண்ணெண்ணெய் விளக்கு, பெட்ரோமாக்ஸுக்கு அண்ணன் முறை. கண்ணாடியைச் சுற்றவைக்கச் சுவர்க்கடிகாரத்தில் இருப்பதுபோல ஓர் எடைக்கல், கோபுரத்தின் நடுவே தொங்கி மெல்ல மெல்ல இறங்கும். அடியைத் தொடுமுன் கைப்பிடியைச் சுழற்றி மேலே ஏற்ற வேண்டும். ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த கைக்கு அது ஒன்றும் பெரிதில்லை. "எங்க அப்பா பூமிக்குள்ளருந்து தண்ணி எடுத்தாரு. நான் இருட்டுக்குள்ளருந்து வெளிச்சம் எடுத்தேன். ரெண்டுக்கும் தோளு ஒண்ணுதான் வலிக்கும்."

அந்த உச்சியில் ஏறி இறங்கியவருக்குத் தண்ணீர் என்றால் பயம். நீச்சல் தெரியாது. அலை வந்து காலைத் தொட்டால் ஓரடி பின்னால் வைப்பார். கட்டுமரம், விசைப்படகு, பைபர் படகு, எதிலும் ஏறியதில்லை. குப்பத்துப் பிள்ளைகள் இதற்காக அவரைக் கேலி செய்ததுண்டு. "எனக்கு சம்பளம் கடல பாக்கறதுக்கு. எறங்கறதுக்கு இல்ல," என்று பதில் சொல்லிவிட்டுக் காம்பவுண்டுக்குள் போய் மண்வெட்டி எடுப்பார். கோபுரத்தடி மணலில் அவர் மல்லாட்டை போட்டிருந்தார். நன்றாகவே விளைந்ததாம். மேலிடத்து அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது வேகவைத்து ஒரு தட்டு கொடுத்திருக்கிறார். அதிகாரி தின்று முடித்த பிறகு, அரசாங்க நிலத்தில் பயிர் செய்யக்கூடாது என்று கண்டித்துவிட்டுப் போனார்.

ஓய்வு பெற்று வேங்கிக்காலில் வீடு கட்டினார். மேஸ்திரி போட்ட நேர்ப் படிக்கட்டில் இரண்டு நாள் ஏறி இறங்கிவிட்டுத் தலை சுற்றுகிறது என்றார். வளைந்து ஏறிப் பழகிய கால், நேராகப் போனால் தடுமாறுகிறதாம். வெளிப்புறச் சுவரை ஒட்டி இரும்பில் ஒரு சுருள்படி வைத்தபின்தான் மொட்டை மாடிக்கு நிம்மதியாகப் போனார். வடகக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுருள்படியில் ஏறும் சரசு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வசவு வைத்திருக்கிறார். கடைசிச் சுற்றில் வருவதை இங்கே எழுத முடியாது.

இருவருக்கும் கருங்கல்துறை பிடிக்காது என்று அவர்கள் இங்கே வந்த புதிதில் நினைத்தேன். உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடித்தது, சோற்றில் மணல் கடித்தது, தீப்பெட்டி நமுத்தது என்றே பேசுவார்கள். பிறகுதான் கவனித்தேன், வேறு எதைப் பற்றியும் அவர்கள் அவ்வளவு நேரம் பேசுவதில்லை. இங்கே வந்து வருடக்கணக்காகியும் சரசு தீப்பெட்டியை அரிசி டப்பாவுக்குள்தான் வைக்கிறார்.

இத்தனையும் சொல்லி முடித்த ஒரு மாலையில்தான் பலராமன் அந்த இன்னொன்றைச் சொன்னார். சும்மா, பேச்சோடு பேச்சாக. "ஆனா ஒண்ணு சார். எங்க வெளக்கு எரியறத நான் பாத்ததில்ல."

எனக்குப் புரியவில்லை. ஆயுள் முழுக்க அதன் உள்ளேயே இருந்தவர் சொல்கிற பேச்சா இது?

"உள்ள இருந்தா எப்படி சார் தெரியும்? உள்ள ஒரு பல்பு. அவ்ளோதான். கீழ எறங்கி நின்னா தலைக்கு மேல கதிரு சக்கரம் மாதிரி சுத்தும். கடல்ல இருக்கறவனுக்குத்தான் அது மின்னும்." மின்னுவதிலும் ஒரு முறை உண்டு. எல்லாக் கலங்கரை விளக்கமும் ஒரே மாதிரி மின்னினால் மாலுமிக்கு எந்த ஊர் என்று தெரியாது. கருங்கல்துறைக்கு அடுத்தடுத்து இரண்டு மின்னல், பிறகு ஒரு நீண்ட இருட்டு. இதைப் பார்த்ததும் பாறை வருகிறது என்று கப்பல் ஒதுங்கிப் போகும். ஊர்ப்பக்கம் வெளிச்சம் அடித்து யாரும் தூங்க முடியாமல் போகக்கூடாது என்று விளக்கறை ஜன்னல்களில் நிலத்தை நோக்கிய கண்ணாடிகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். கரையோரமாக நடந்து போய்ப் பார்க்கலாம் என்றால் இரு பக்கமும் சவுக்குத் தோப்பு. கடலுக்குள் போனால்தான் பார்க்க முடியும். இவர் போகமாட்டார். பொழுது போனால் பணியும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

"எத்தினியோ பேரு பாத்திருக்கான். பேரு தெரியாத ஊரு மாலுமி எல்லாம் பாத்திருக்கான். வெளக்கேத்தனவன் பாக்கல," என்று சொல்லிச் சிரித்தார். சரசு உள்ளே போய்விட்டார்.

சென்ற கார்த்திகையில், தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மணிவேலிடமிருந்து போன் வந்தது. மணிவேல் குப்பத்துக்காரர், பலராமனோடு அதே கோபுரத்தில் வேலை பார்த்தவர், இப்போது தம்பியின் படகைக் கவனித்துக்கொள்கிறார். பழைய கண்ணாடிக்குப் பதிலாகக் கோபுரத்தின் வெளிமாடத்தில் கையடக்கமான எல்.ஈ.டி. விளக்கு ஒன்றைப் பொருத்திவிட்டார்கள். மாற்றிவிடும் நாளும் குறித்தாகிவிட்டது. கண்ணாடி கடைசியாகச் சுற்றப்போவது மகாதீபத்தன்று சாயங்காலம்.

"வந்துருங்கண்ணே. நானே போட்டுல கூட்டிட்டுப் போயி காமிக்கறேன். லைப் ஜாக்கெட்டு போட்டு, இடுப்புல கயிறு கட்டி, மடியில வெச்சிக்கறேன். போதுமா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பலராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வரேன்," என்றார். 

வீட்டில் புயல் அதன்பிறகுதான். தீபத்துக்கு மகள் அருணாதேவி குடும்பத்தோடு ஓசூரில் இருந்து வருகிறாள். உலகமே திருவண்ணாமலைக்கு வருகிற அன்று வீட்டுப் பெரியவர் ஊரைவிட்டுப் போவதா?

"எல்லாரும் வெளக்கு பாக்க இங்க வராங்க. நீங்க வெளக்கு பாக்க வெளிய போறீங்க. கேக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றார் சரசு.

"இது வருஷா வருஷம் ஏத்தற வெளக்கு. அடுத்த கார்த்திகைக்கும் இருக்கும். அது அன்னிக்கோட சரி."

"வயசான காலத்துல கடல்ல வுழுந்தா?"

"மணிவேலு கயிறு கட்றேன்னான்."

"மாட்டுக்குக்கூடத்தான் கயிறு கட்றாங்க. அது கெணத்துல வுழறதில்ல?"

மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் காலை பலராமன் தோளில் பை மாட்டிக்கொண்டு என் வாசலில் நின்றார். சரசு வெளியே வரவில்லை. ஆனால் பையில் புளிச்சோறும் வாந்திக்கு எலுமிச்சம்பழமும் இருந்தன. பேசாமல் இருந்தவர் எப்போது கட்டினார் என்று தெரியவில்லை.

தீபத்தன்று இந்த ஊர்ச் சாலைகளுக்கு ஒரே ஒரு திசைதான். பக்கத்து ஊர் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். அங்கிருந்து சனம் நடந்தே வரும். ஸ்கூட்டரில் வயல்வழியாகச் சுற்றி அவரைச் செஞ்சி சாலை நிலையத்தில் இறக்கிவிட்டேன். வந்த பஸ்ஸில் இருந்து கடைசி ஆள் இறங்கியதும் இவர் ஏறினார். நடத்துநர் பார்த்தார்.

"தாத்தா, எறங்கு எறங்கு. அண்ணாமல அந்தப் பக்கம்."

"தெரியும்பா. நான் அங்கருந்துதான் வரேன்."

"தீபத்தன்னிக்கு அண்ணாமலைய வுட்டுட்டு எங்க கெளம்பிட்ட?"

"வெளக்கு பாக்க."

நடத்துநர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் மலையைப் பார்த்தார். காலிப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி பலராமன் போனார். பஸ் நகர்ந்ததும் திரும்பி என்னைப் பார்த்துக் கையாட்டினார். பள்ளிக்கூடச் சுற்றுலா போகிற முகம்.

மீதியை அவர் வாயால் கேட்டதுதான். கீழ்பென்னாத்தூர் தாண்டுமுன் போன் அடித்திருக்கிறது.

"அண்ணே, வராதீங்க. கூண்டு ஏத்திட்டாங்க. ஒரு போட்டும் எறங்கக்கூடாதுன்னு மைக்குல சொல்லிட்டுப் போறாங்க. நம்ம போட்ட இப்பதான் மேட்டுக்கு இழுத்துப் போட்டேன்."

"காத்து எப்படிடா இருக்குது?"

"கெழக்க கறுத்துக்கெடக்கு. சாயங்காலம் ஜாஸ்தியாவும்."

"நீ தனியா எறங்கித் தொலைக்காத."

"நானா? சோறுதாண்ணே திங்கறேன் நான்."

"வெளக்கு?"

"ஏத்துவாங்க. இன்னிக்கு ஏத்தாம? நாளைலருந்துதான் புதுசு. மழையோ புயலோ, தேதி தேதிதானாம்."

பலராமன் வாதாடவில்லை. புயல்கூண்டு ஏறினால் படகு இறங்கக்கூடாது என்று அந்தக் குப்பத்தின் வாசல்வாசலாகப் போய்ச் சொல்லித் திரிந்தவர் அவர்தான். கீழ்பென்னாத்தூரில் இறங்கினார். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றார். திருவண்ணாமலைக்கு வந்த பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, காதருகே அரோகரா சத்தத்தோடு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றமா, படகில் ஏறாமல் தப்பித்த நிம்மதியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. அது தெரியாததுதான் அவரை அதிகம் வாட்டியதாக நினைக்கிறேன்.

 சரசு பையை வாங்கி, தொடாத புளிச்சோற்றை எடுத்துத் தட்டில் வைத்தார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடியிருந்தோம். அருணாதேவியின் பிள்ளைகள் சுற்றுச்சுவரில் தொற்றி நின்றன. தூறல் விட்டுவிட்டு விழுந்தது. மேகம் இறங்கி மலையின் பாதியைத் தின்றிருந்தது. மலையில் தீபம் தெரிந்தபிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவது வழக்கம் என்பதால், அகல்கள் எண்ணெயோடு காத்திருந்தன. தெரு முழுக்க இருட்டு. பலராமன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மலையைப் பார்த்து அல்ல, கிழக்கே, ஒன்றுமே தெரியாத பக்கம்.

"ஏத்தியிருப்பாங்க இந்நேரம்," என்றார் யாரிடமும் இல்லாமல்.

சரசு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "நான் பாத்திருக்கேன்," என்றார்.

"இன்னாத்த?"

"உங்க வெளக்கத்தான். கடல்லருந்து."

பலராமன் திரும்பினார்.

"அருணா வவுத்துல இருந்தப்போ. பக்கத்துக் குப்பத்துல அம்மன் கோயில் கூழுக்குக் கன்னியம்மா கூட்டிட்டுப் போனா இல்ல, மீன் விக்கறவ? திரும்பி வர பாதையில முழங்காலு தண்ணி. அவ வூட்டுக்காரரு போட்டுல கொண்டாந்து வுட்டாரு. பொழுது போயிட்டுது. நீங்க மேல டூட்டில இருந்தீங்க."

"இத்தினி வருஷத்துல சொல்லவே இல்லியே!"

"சொன்னா நானும் போறேன்னு நிப்பீங்க. நீச்சல் தெரியாத மனுஷன். தாலி யாருது? என்னுது."

அருணாதேவி சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.  பலராமன் ஏதோ கடன் கேட்கிறவர்போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

சரசு யோசித்தார். "எப்படின்னா... எப்படி சொல்றது? வெளக்கு மாதிரிதான் இருந்துச்சு."

"அது தெரியாதா? மின்னறப்போ எப்படி இருந்துச்சுன்றேன்."

அந்தச் சமயத்தில் மேகம் விலகியது. உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. எப்போது ஏற்றினார்களோ, நாங்கள்தான் தாமதம். தெருக்கோடியில் கிளம்பிய அரோகரா மாடி மாடியாகத் தாவி வந்தது. பிள்ளைகள் கத்தின. அருணாதேவி அகலை ஏற்றக் குனிந்தாள். எல்லாரும் கைகூப்பி மலையைப் பார்த்து நின்றோம்.

சரசு மட்டும் கைகூப்பவில்லை. பலராமனின் தலையைப் பிடித்து மலைப்பக்கம் திருப்பினார். வலது உள்ளங்கையால் அவர் கண்களை மூடினார். எடுத்தார். மூடினார். எடுத்தார். மறுபடி மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு முதலில் இருந்து அதே மாதிரி.

"இப்படித்தான்," என்றார்.

பலராமன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு சுற்று ஆயிற்று.

"இருட்டு பத்தாது," என்றார். "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி."

சரசு மறுபடி கையை அவர் கண்மேல் வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை.